சேப்பாக்கம் செனட் இல்லம்: சுண்ணக் கட்டடப் பாதுகாப்பும் பல்கலைக்கழகப் பொறுப்பும்

முன்னுரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் இயற்றப்பெற்ற சட்டத்தால் தோன்றியது. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி அமைந்த அந்நிறுவனம், தொடக்கக் காலத்தில் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கவும் மட்டுமே உரிமை பெற்றிருந்தது. வகுப்பறைகள் அதற்குத் தேவைப்படவில்லை. பட்டமளிப்புக்கும் ஆட்சிக் குழுக் கூட்டங்களுக்கும் தேர்வுக்கும் உரிய ஒரு பெருமண்டபமே தேவையாயிற்று. அத்தேவையின் விளைவே சேப்பாக்கத்துச் செனட் இல்லம்.

2007-இல் பல்கலைக்கழகம் தனது 150-ஆம் ஆண்டை எய்தியதையொட்டி இக்கட்டடத்தில் விரிவான மீட்புப் பணி நடைபெற்றது. பழங்கட்டடம் ஒன்று மீட்கப்பட்டவுடன் பாதுகாப்பும் நிறைவுற்றது என்று கருதுவது வழக்கம். மாறாக, கட்டுமானப் பொருளின் இயல்பறிந்த பராமரிப்பும் இடையறாத பயன்பாடும் இல்லையெனில் எந்த மீட்புப் பணியும் நெடுங்காலம் நிலைக்காது என்பதை இக்கட்டுரை செனட் இல்லத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குகின்றது.

கட்டடமும் அதன் காலமும்

சென்னை மாகாண அரசு 1864-இல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் இல்லத்துக்கும் கட்டட வரைவுகளைப் போட்டி முறையில் வரவேற்றது. அதில் தேர்வு பெற்றவர் இராபர்ட் ஃபெலோஸ் சிசோம். முதலில் மாநிலக் கல்லூரி எழுந்தது. செனட் இல்லத்தின் பணி 1874-இல் தொடங்கி 1879-இல் நிறைவுற்றது.

கட்டடம் அமைந்த இடம் கருதத்தக்கது. ஆர்க்காட்டு நவாபுகளின் சேப்பாக்கம் அரண்மனை அருகிலேயே நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அவ்வரண்மனை, நவாபு பட்டம் நீக்கப்பட்டபின் அரசின் கைக்கு வந்திருந்தது. சிசோம் அதன் குவிமாடங்களையும் வளைவுகளையும் கண்டு, அவற்றோடு இயைந்து நிற்கும் வகையில் இந்தோ-சாரசெனிக் பாணியைக் கையாண்டார். அதனுடன் பைசாந்தியக் கூறுகளும் கலந்தன. நான்கு மூலைகளிலும் கோபுரங்கள், வடக்கிலும் தெற்கிலும் செதுக்கிய போதிகைகளை உடைய கல்தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள், நடுவே வண்ணக் கண்ணாடிச் சாளரங்களோடு கூடிய பெருமண்டபம் என அமைந்தது இக்கட்டடம். தாழ்வாரங்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. நேர்வெயிலும் சாரலும் மண்டபச் சுவரைத் தாக்காமல் தடுப்பவை அவையே.

கல்விக்கு அப்பாலும் இம்மண்டபம் வரலாற்றில் இடம்பெற்றது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 215 உறுப்பினர்களைக் கொண்டு அமைந்த சென்னைச் சட்டமன்றப் பேரவை, 1937 ஜூலையில் இங்கேதான் முதன்முதலாகக் கூடியது. பல்கலைக்கழக நூற்றாண்டின் நினைவாகத் தனி அரங்கம் எழுந்தபின் பெருமண்டபத்தின் தேவை படிப்படியாகக் குறைந்தது. கட்டடத்தின் நலிவும் அக்காலத்திலேயே மிகுந்தது.

சுண்ணமும் சிமென்டும்

செனட் இல்லம் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்தவை. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து பக்குவப்படுத்துவது தென்னாட்டுக் கொத்தனார்களின் மரபு. மேற்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பயன்படுத்தினர். அதனைப் பல படிகளாகப் பூசி, ஈரம் உலர்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்தால் பளிங்கு போன்ற மெருகு கிட்டும். ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்று ஐரோப்பியர் வியந்து குறிப்பிட்டது இப்பூச்சையே.

சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று இறுகும். அது நுண்துளைகள் நிறைந்தது. சுவரினுள் புகுந்த ஈரம் அத்துளைகளின் வழியே வெளியேறிவிடும். சிறு வெடிப்புகள் ஏற்படின், மழைநீரில் கரைந்த சுண்ணம் அவற்றில் மீண்டும் படிந்து தானே அடைத்துக்கொள்ளும்.

சிமென்டின் இயல்பு வேறு. அது செங்கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை எளிதில் வெளிவிடாதது. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்டு பூசும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. மெரினா கடற்கரையை எதிர்நோக்கி நிற்கும் கட்டடத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் கலந்திருக்கும். நீர் உலரும்போது உப்பு பூச்சின் பின்புறத்தில் படிகமாகி விரிவடைகிறது. செங்கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிர்கிறது. பூச்சு உறுதியாகத் தோன்ற, அதன் பின்னால் சுவர் அழிகிறது. செப்பனிடும் பொருள், செப்பனிடப்படும் பொருளைவிட மென்மையாக இருத்தல் வேண்டும் என்ற பாதுகாப்பு விதி இதனால் எழுந்ததே. பூச்சு அழிந்தால் மீண்டும் பூசலாம். செங்கல் அழிந்தால் சுவரையே இழக்க நேரும்.

கூரையிலும் இதே நிலையைக் காணலாம். அக்காலச் சென்னைக் கட்டடங்களில் பரவலாக வழங்கிய ‘மெட்ராஸ் டெரஸ்’ தளத்தில், தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த படுகையைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பர். ஒழுகும் தளத்தின்மேல் சிமென்டுப் படுகை இடுவது இன்றும் காணப்படும் எளிய தீர்வு. அது உத்தரங்களின் சுமையைக் கூட்டுகிறது. ஈரத்தையும் உள்ளே அடைக்கிறது. சுவரினுள் புதைந்த உத்தர முனைகள் கண்ணுக்குத் தெரியாமல் இற்றுப்போகின்றன. தளம் தாழும் நாளில்தான் பழுது வெளிப்படுகிறது.

மீட்புப் பணியின் ஒழுங்கு

இவ்வியல்புகளை உணர்ந்த மீட்புப் பணி ஒரு வரிசையில் நிகழ்தல் வேண்டும். முதலில் கட்டடம் முழுவதும் அளக்கப்பெற்று, வரைபடமாகவும் ஒளிப்படமாகவும் பதிவு செய்யப்படுகிறது. காரையின் மாதிரிகளை எடுத்துச் சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றின் விகிதம் ஆராயப்படுகிறது. பிற்காலத்தில் சேர்ந்த தடுப்புகள், மின்கம்பிகள், சிமென்டுப் பூச்சுகள் நீக்கப்படுகின்றன. அடுத்துக் கூரையும் மழைநீர்க் குழாய்களும் செப்பனிடப்படுகின்றன. அதன் பின்னரே சுவர். இறுதியில்தான் மேற்பூச்சும் வண்ணமும். ஒழுகும் கூரையின் கீழ்ச் சுவருக்கு மெருகேற்றுவது வீண்செலவு.

வண்ணக் கண்ணாடிகளுக்குத் தனிக் கவனம் தேவை. கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் காலப்போக்கில் தளர்ந்து தொய்வதால், சாளரம் முழுவதையும் கழற்றிப் பட்டறையில் வைத்தே செப்பனிட இயலும்.

இப்பணிகள் அனைத்தும் கைத்தொழில் அறிவை நம்பியுள்ளன. சுண்ணாம்பின் பக்குவத்தைக் கரணையில் உணரும் கொத்தனார்களின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. செட்டிநாட்டு வீடுகளின் பூச்சு மரபு இன்னும் முற்றிலும் மறையாதிருப்பது ஒரு வாய்ப்பு. ஆயினும் பணி தொடர்ந்து கிடைத்தால்தான் மரபு தொடரும். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் சுண்ணாம்பு வேலை நிகழுமாயின், இடைப்பட்ட காலத்தில் அதனை அறிந்த ஒரு தலைமுறையே மறைந்துவிடும்.

பயன்பாடே பாதுகாப்பு

பூட்டிய கட்டடம் விரைவில் நலியும். நாள்தோறும் மனிதர் புழங்கும் இடத்தில் கூரையின் முதல் ஒழுகல் அன்றே கண்ணில் படுகிறது. பூட்டிய மண்டபத்தில் அது பல பருவங்கள் காணப்படாமல் போகிறது. சுவரில் வேர்விட்ட அரசங்கன்றும் அவ்வாறே.

செனட் இல்லத்தின் அண்டைக் கட்டடங்கள் இதற்குச் சான்றாகின்றன. சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 ஜனவரியில் தீயால் பெருஞ்சேதமுற்றது. பின்னர் அது மீட்கப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாயிற்று. அதனால் அது மீண்டும் அன்றாடப் புழக்கத்துக்கு வந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் 1936-இல் திறக்கப்பெற்ற நூலகக் கட்டடம், எஸ். ஆர். இரங்கநாதனின் நூலகப் பணியோடு பிணைந்தது. நூலகமாகவே அது தொடர்ந்து வழங்கியதால் அதன் பயன் குன்றவில்லை.

அயலகத் தமிழர் அறிந்த ஒரு வளாகமும் இங்கு ஒப்பிடத்தக்கது. சிங்கப்பூர் புக்கித் தீமாவில் 1928-இல் பாடம் தொடங்கிய இராஃபிள்ஸ் கல்லூரியின் கட்டடங்களே 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இல்லமாயின. அப்பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை தமிழ்ச் சமூகத்தின் நிதியுதவியையும் பெற்று வளர்ந்தது. புக்கித் தீமாக் கட்டடங்கள் பின்னர்ப் பல நிறுவனங்களின் கைக்கு மாறினும் கல்விக்கூடங்களாகவே நீடித்தன. 2006-இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை அவ்வளாகத்துக்குத் திரும்பியது. 2009-இல் அவை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பயன்பாடு முன்னே சென்றது. சட்டப் பாதுகாப்பு அதனைத் தொடர்ந்தது.

சட்டத்தின் எல்லை

தமிழ்நாட்டில் கோயில்களுக்கும் தொல்லியல் சின்னங்களுக்கும் உள்ள சட்டக் காப்பு, பயன்பாட்டிலுள்ள நகர்ப்புறக் கட்டடங்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. சென்னையின் மரபுக் கட்டடங்கள் நீதிபதி இ. பத்மநாபன் குழுவால் பட்டியலிடப்பட்டன. 2012-இல் தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் நிறைவேறிற்று. எனினும் சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம்; இலைகள் அடைத்த மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யாது. அப்பொறுப்பு கட்டடத்தின் உரிமையாளராகிய பல்கலைக்கழகத்தையே சாரும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமென்டைப் பயன்படுத்துவதில்லை என்பது பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவின் எழுத்துமூல விதியாதல் வேண்டும்.

இரண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர்ப் புரட்டாசித் திங்களில் கூரையும் நீர்ப்போக்கிகளும் ஆண்டுதோறும் ஆய்ந்து பதிவு செய்யப்படுதல் வேண்டும். இதற்காகும் செலவு சிறிது. தவறவிட்டால் நேரும் செலவு பெரிது.

மூன்று, பெருமண்டபம் விழா நாள்களுக்கு மட்டுமன்றி, கருத்தரங்கம், கண்காட்சி, பொதுச் சொற்பொழிவு ஆகியவற்றுக்கும் ஆண்டு முழுவதும் திறந்திருத்தல் வேண்டும்.

நான்கு, சுண்ணாம்பு வேலையறிந்த கொத்தனார்களைக் கொண்டு இளையோருக்கு அவ்வளாகத்திலேயே பயிற்சி அளித்தல் வேண்டும். கட்டடம் தானே பாடநூலாகும்.

செனட் இல்லம் பட்டம் பெற்ற பல தலைமுறையினரைத் தன் தாழ்வாரங்களின் வழியே அனுப்பிய கட்டடம். 2007-ஐ ஒட்டி நடந்த மீட்பு அதற்கு மீண்டும் ஒரு வாழ்நாளைத் தந்தது. அவ்வாழ்நாளின் அளவு இனி ஆண்டுதோறும் கூரைமேல் ஏறிப் பார்ப்பவரைப் பொறுத்ததேயாகும்.