யானைமலையிலிருந்து அழகர்மலை வரை
சைக்கிளில் ஒரு நாள்!

காலை மணி நாலரை. தெருவில் பால்காரர்கூட இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒன்று என்னுடையது. மற்றொன்று என் அக்காள் மகளுடையது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறதே, அந்தச் சைக்கிள்!

"வயசுப்பிள்ளை அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிறதாவது! ஊர் என்ன பேசும்?" என்று என் தாயார் முதல் நாளே தடை போட்டுவிட்டார்கள்.

"பள்ளிக்கூடத்துக்குத் தினமும் இதிலேதானே போறேன், அம்மாச்சி? அழகர் கோவிலுக்குப் போனால் மட்டும் தப்பா?" என்றாள் பேத்தி.

அழகர் பெயரைக் கேட்டதும் அம்மாவின் குரல் இறங்கியது. "சரி, போங்கள். பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்" என்று நிபந்தனை போட்டார்கள். இருவரும் தலையாட்டினோம். புறப்பட்டோம்!

படுத்திருக்கும் யானை

மேலூர் சாலையில் வண்டிகள் அதிகம். ஆனால் விடியுமுன் போனால் சாலை நம்முடையது. மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒத்தக்கடையை நெருங்கும்போது கீழ்வானம் வெளுத்தது. அந்த வெளிச்சத்தில், தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் ஒரு பெரிய யானை தெரிந்தது!

அதுதான் யானைமலை. முழுவதும் ஒரே பாறை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு நிமிடத்துக் காட்சி. சைக்கிளில் போகிறவர்களுக்கோ, யானை மெள்ள மெள்ள எழுந்து கூடவே நடந்து வருவது போல் இருக்கும்.

மலையடியில் நரசிங்கம் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து நரசிம்மருக்குக் கோவில் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் மாறன்காரி, பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி. ஆண்டு கி.பி. 770. வேலை முடிவதற்குள் மாறன்காரி இறந்துவிட்டார். தம்பி மாறன் எயினன் அந்த மந்திரி பதவிக்கு வந்து, அண்ணன் விட்ட பணியை முடித்து வைத்தார். இந்தச் செய்தியைக் கோவிலில் உள்ள கல்வெட்டே சொல்லுகிறது.

"அண்ணன் ஆரம்பித்ததைத் தம்பி முடித்தாரா? எங்கள் வீட்டில் தம்பி என் நோட்டைக் கிழிக்காமல் இருந்தாலே போதும்!" என்றாள் மருமகள்.

சாமியை மீட்ட கதை

ஒத்தக்கடையிலிருந்து பிரியும் சாலை வயல்களுக்கு நடுவே திருமோகூருக்குப் போகிறது. காளமேகப் பெருமாள் கோவில் கொண்ட ஊர். வைணவர்கள் போற்றும் 108 திருப்பதிகளில் ஒன்று. இங்குள்ள சக்கரத்தாழ்வாருக்குப் பதினாறு கைகள். அவருக்குப் பின்புறம் நரசிம்மர் இருக்கிறார்.

மதிலோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு, கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். அப்போது மருமகளுக்கு ஒரு பழைய கதை சொன்னேன்.

1755-ஆம் ஆண்டு. கர்னல் ஹெரான் என்ற வெள்ளைக்காரத் தளபதி, கும்பினிப் படையுடன் மதுரைச் சீமைக்கு வந்தான். நவாபுக்காக வரி வசூலிப்பது அவன் வேலை. வழியில் கோவில்குடி என்ற ஊரில் மதில் சூழ்ந்த கோவில் ஒன்றை அவன் தாக்கினான். கதவுக்கு வைக்கோல் போட்டுத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்த சாமி விக்கிரகங்களை வாரி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோவில் திருமோகூர்க் கோவில்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

படை திருச்சிக்குத் திரும்பும்போது நத்தம் கணவாய் வழியாகப் போக வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் காடு, குறுகலான பாதை. அங்கே கள்ளர்கள் காத்திருந்தார்கள். ஈட்டிகளுடன் பாய்ந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே விக்கிரகங்களைக் கண்டதும் "சாமி! சாமி!" என்று கூவி, அவற்றை மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரானைப் பிறகு கும்பினியே சென்னையில் ராணுவக் கோர்ட்டில் நிறுத்தி, வேலையை விட்டு நீக்கியது.

மருமகள் கையில் எடுத்த கவளத்தை வாயில் போடவே மறந்துவிட்டாள். "பாடப் புத்தகத்தில் இது ஏன் மாமா இல்லை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

முள் குத்தியது!

வந்த வழியே மாட்டுத்தாவணிக்குத் திரும்பி, மூன்றுமாவடியில் அழகர் கோவில் சாலையைப் பிடித்தோம். சித்திரைத் திருவிழாவில் அழகர் பல்லக்கில் வருகிற சாலை இது. வழியெல்லாம் மண்டகப்படி மண்டபங்கள். வைகையில் இறங்குவதற்கு முன் மதுரை மக்கள் அழகரை எதிர்கொண்டு அழைப்பதும் இந்த மூன்றுமாவடியில்தான்.

அப்பன் திருப்பதியைத் தாண்டினோம். வெயில் ஏறியது. கள்ளந்திரிக்குச் சற்று முன்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம்! மருமகளின் பின்சக்கரத்தில் கருவேல முள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் பெரியவர். டியூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, சொலுசன் தடவி, பஞ்சர் ஒட்டினார்.

"எங்கிருந்தும்மா வர்றே?" என்று கேட்டார்.

"மதுரையிலிருந்து, தாத்தா. யானைமலையும் திருமோகூரும் பார்த்துட்டு வர்றோம்."

"முழுக்க மிதிச்சா?" என்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "என் தங்கச்சி புதுக்கோட்டைப் பக்கம் வாக்கப்பட்டவ. அங்கே அறிவொளி வந்தப்போ எழுத்துப் படிச்சா. அந்தக் கையோட சைக்கிளும் படிச்சா. அதுக்குப் பிறகு பஸ்ஸுக்குக் காத்திருந்ததே இல்லை."

அவர் சொன்னது உண்மையான வரலாறு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்ற கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டினார்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைத்தார்கள். கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

கள்ளந்திரியில் பெரியாறு கால்வாய் ஓடுகிறது. மேற்கே போய் வீணாகக் கடலில் கலந்த தண்ணீரை, 1895-இல் முடிந்த பெரியாறு அணை கிழக்கே திருப்பிவிட்டது. அந்தத் தண்ணீர்தான் இந்த வயல்களின் பச்சை. கரையில் உட்கார்ந்து முகம் கழுவினோம். களைப்புப் பறந்துவிட்டது.

கோட்டைக்குள் கோவில்

அழகர் கோவிலுக்கு வருகிறவர்கள் சாமியைப் பார்க்கிறார்கள், மதிலைப் பார்ப்பதில்லை. மெதுவாக மிதித்து வந்ததால் நாங்கள் பார்த்தோம். அது வெறும் கோவில் மதில் அல்ல, கோட்டை! வெளியே அழகாபுரிக் கோட்டை. உள்ளே இரணியன் கோட்டை. திருமலை நாயக்கர் அரண்மனையின் சிதைந்த பகுதியும் இங்கே இருக்கிறது.

சாமிக்கு எதற்குக் கோட்டை? படையெடுப்புக்காலங்களில் கோவில்தான் ஊரின் பொக்கிஷம். ரொமானியா நாட்டிலும் இப்படித்தான். திரான்சில்வேனியா என்ற மலைநாட்டில் கிராமத்து மாதா கோவில்களைச் சுற்றிக் கோட்டை கட்டினார்கள். துருக்கியர் படை வந்தால் ஊரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். தானியமும் உப்பிட்ட இறைச்சியும் உள்ளே தயாராக இருக்கும். இன்று அந்தக் கிராமங்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கப் பல நாட்டார் போகிறார்கள். அப்படிப்பட்ட ஊர் 21 கிலோமீட்டர் தூரத்தில் நமக்கே இருக்கிறதே!

ஆனால் நம் கோட்டைக்கு ஒரு காவல்காரர் உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பணசாமி! மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர வந்தார்களாம். மக்கள் அவர்களைப் பிடித்துப் பதினெட்டுப் படிகளின் கீழ் புதைத்தார்களாம். அவர்களோடு வந்த கருப்பனோ, அழகரின் அழகில் மயங்கிக் காவலாக நின்றுவிட்டாராம். இங்கே சிலை இல்லை. சாத்திய பெரிய கதவுதான் சாமி. அதற்குச் சந்தனம் பூசுகிறார்கள். இந்த வாசலில் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி விழுந்து கும்பிட்டோம். பிறகு கோவில் தோசையை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

மலை இருந்தால்தானே!

அங்கிருந்து பார்த்தால் எங்கும் குன்றுகள். அந்தக் குன்றுகளின் கதி என்ன? மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகப் பல குன்றுகளை அறுத்து எடுத்துவிட்டார்கள். அவை இருந்த இடத்தில் இன்று தண்ணீர் நிற்கும் பள்ளங்கள்தான் மிச்சம்.

அதே மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. குடைவரைச் சிவன் கோவில், இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான தமிழி எழுத்துக்கள், சுனைகள், வல்லூறுகள் எல்லாம் உள்ள ஊர். 2022-இல் அரசு அதைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. ஆனால் 2024 நவம்பரில், அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்ட செய்தி வந்தது. கிராமங்கள் கொதித்து எழுந்தன. பெண்கள் கைப்பிள்ளையுடன் வந்து நின்றார்கள். 2025 ஜனவரியில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அன்று நத்தம் கணவாயில் சாமியை மீட்டார்கள். இன்று அரிட்டாபட்டியில் மலையை மீட்டார்கள்!

நீங்களும் போகலாம்

குடும்பத்தோடு போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை மாதங்கள் நல்லவை; கத்திரி வெயிலில் வேண்டாம். விடியுமுன் புறப்படுங்கள். தண்ணீர், பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் கட்டாயம் வேண்டும். பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைப்பாதை செங்குத்தானது. சைக்கிளை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். பாறைகளில் பெயர் கிறுக்காதீர்கள்.

பொழுது சாயும்போது வீடு வந்து சேர்ந்தோம். அன்று மிதித்த தூரம் 60 கிலோமீட்டருக்கும் மேல். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மருமகள் ஓடிப்போய்ச் சந்தனத்தை நெற்றியில் இட்டு, ஹெரான் கதை முழுவதையும் சொன்னாள்.

அம்மா கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "உன் வயசிலே நான் அழகருக்குப் பின்னாலே அந்தச் சாலையில் நடந்தே வந்திருக்கேன். எங்க அம்மாவும் வேண்டாம்னுதான் சொன்னாங்க."

பேத்தி சிரித்தாள். அம்மா என் பக்கம் திரும்பி, "அவ சைக்கிளுக்கு நல்ல டயரா ரெண்டு வாங்கிப் போடுடா" என்றார்கள்.