இரட்டை உருளை வண்டியின் நோய்

இரண்டு மாடுகள் பூட்டிய வண்டியில் ஒரு மாடு நொண்டுமாயின், வண்டி உடனே நின்றுவிடுவதில்லை. மற்றை மாட்டின் கழுத்தில் பாரம் முழுவதும் ஏறுகிறது. வண்டி இழுத்தும் விட்டும் நகர்கின்றது. "ஓடுகிறதே, போதாதா?" என்று வண்டிக்காரன் வாளா இருப்பானாயின், சிறிது தொலைவில் நல்ல மாடும் படுத்துவிடும். இரண்டு உருளைகள் கொண்ட மோட்டார் சைக்கிளின் நிலையும் இத்தகையதே.

அத்தகைய வண்டிகளுள் ஒன்று ராஜ்தூத் 350. ஜப்பானிய யமஹா ஆர்டி 350 வண்டியின் வழிவந்த இது, 1983 ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் இதன் உற்பத்தி நின்றது. இரண்டு உருளைகளின் கொள்ளளவும் சேர்ந்து 347 கன சென்டிமீட்டர் ஆகும். 2020 ஆம் ஆண்டில் புகை மாசினைக் கட்டுப்படுத்தும் புதிய விதி நடைமுறைக்கு வந்தபின், புது வண்டிகளில் பெரும்பாலும் மின்னணுக் கருவியே பெட்ரோலை அளந்து பீச்சுகின்றது. பழைய வண்டியில் அப்பணியைச் செய்வது கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து தருவதால் இதனைக் கலப்பான் என்று தமிழில் வழங்கலாம். ஆனால் பட்டறையில் அப்பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவார் ஒருவரும் இலர். ஆகவே கார்புரேட்டர் என்றே இங்கும் கொள்ளப்படுகிறது.

இவ்வண்டியில் ஏறக்குறைய எல்லா உறுப்புகளும் இரட்டை. கார்புரேட்டர் இரண்டு, தீப்பொறி தரும் பிளக் இரண்டு, அதற்கு மின்விசை ஊட்டும் காயில் இரண்டு, மின்னோட்டத்தை உரிய காலத்தில் துண்டிக்கும் பாயிண்ட் இரண்டு, புகை செல்லும் குழாயும் இரண்டு. இதனால் பழுது நேரும் வாயில்கள் பெருகுகின்றன என்பது உண்மையே. ஆயினும் இதில் ஒரு பெரு நன்மை உண்டு. ஒற்றை உருளை வண்டி பழுதுற்றால் ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் வேறொன்று இல்லை. இங்கோ, நலமுள்ள உருளையே நோயுற்ற உருளைக்கு அளவுகோலாக அமைகின்றது.

வண்டி நின்ற நிலையில் ஓசை ஒழுங்கின்றித் தட்டுகிறது, கைப்பிடி அதிர்கிறது, மேட்டில் ஏற மறுக்கிறது எனக் கொள்க. அறியாதவன் உடனே திருப்புளியை எடுத்து, இரு கார்புரேட்டர்களின் திருகுகளையும் மாறி மாறித் திருப்புவான். சரியாக இருந்த பக்கமும் அதனாற் கெடும், அளவுகோலே அழிந்துபோகும். அறிந்தவன் முதலில் கேட்கும் வினா, "எந்த உருளை?" என்பதே.

இதனை அறிய ஒரு குவளை நீர் போதும். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, சிறிது நேரம் சென்றபின் இரு புகைக்குழாய்களின் மேலும் எஞ்சினுக்கு அருகே ஒவ்வொரு துளி நீர் விடுதல் வேண்டும். நலமுள்ள பக்கத்தில் துளி சீறி மறையும். மற்றைப் பக்கத்தில் மெல்லக் காயும், அல்லது வழிந்தோடும். கையால் தொட்டுப் பார்த்தல் கூடாது, தோல் வெந்துவிடும்.

பின்னர் இரு பிளக்குகளையும் கழற்றி அருகருகே வைத்துக் காண்க. முனை இளம்பழுப்பாக இருப்பின் எரிதல் செவ்வனே நிகழ்கிறது. கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி; வெளிறியிருப்பின் காற்று மிகுதி; பெட்ரோலில் நனைந்திருப்பின் பெரும்பாலும் தீப்பொறி இல்லை. அடுத்து, இடப்பக்கப் பிளக்கை வலத்திலும் வலப்பக்கத்ததை இடத்திலும் பொருத்தி ஓட்டுக. நோய் பிளக்கோடு இடம் மாறினால் குற்றம் பிளக்கினுடையது. மாறாது பழைய உருளையிலேயே நின்றால் பிளக் குற்றமற்றது. ஒரு வேளையில் ஒரே உறுப்பை மாற்றுதல் இன்றியமையாதது. இரண்டை ஒருங்கே மாற்றினால், வண்டி சீரானாலும் எதனாற் சீராயிற்று என்பது விளங்காது.

காயிலையும் இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பிளக்கிற்குச் செல்லும் கம்பிகளை மட்டும் மாற்றிப் பூட்டுதல் பிழை. இவ்வண்டியில் ஒரு பிஸ்டன் மேலே செல்லும்போது மற்றொன்று கீழே வரும். கம்பி மாறினால் தீப்பொறி அரைச்சுற்று தவறி விழும். ஆகவே காயிலை இரு முனை இணைப்புகளும் உரிய பக்கத்திற்கே அமையுமாறு இடம் மாற்றல் வேண்டும். பாயிண்டின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருத்தல் நன்று. இரண்டும் தனித்தனியே அளந்து வைக்கத்தக்கன.

தீப்பொறியில் குறையில்லை எனத் தெளிந்த பின்னரே கார்புரேட்டரிடம் செல்க. எந்நிலையில் தட்டுகிறது என்பதே இங்குக் குறிப்பு. வண்டி நின்றிருக்கும்போது மட்டும் தட்டினால், மெதுவோட்டத்திற்குப் பெட்ரோல் தரும் சிறு ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். அதன் துளை மிக நுண்ணியது. இரும்புக் கம்பியால் குத்தினால் அகன்றுவிடும். காற்றை ஊதியே தூய்மை செய்க. முறுக்கத் தொடங்கும்போது தட்டினால், கைப்பிடியிலிருந்து பிரிந்துவரும் இரு கேபிள்களுள் ஒன்று தளர்ந்திருத்தல் கூடும். காற்று வடிகட்டியை நீக்கி நோக்கினால், இரு கார்புரேட்டர்களின் உட்கதவுகளும் ஒருங்கே எழுகின்றனவா என்பது கண்ணுக்கே புலனாகும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது காற்றுக் கசிவு. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்தாலும், இடப்பக்க ஆயில் சீல் தேய்ந்தாலும் வேண்டாத காற்று உட்புகும். கைப்பிடியை விட்டபின்னும் எஞ்சின் வேகம் குறையாது நிற்பது அதன் அறிகுறி. வலப்பக்கச் சீல் தேய்ந்தால் கியர்ப்பெட்டியின் எண்ணெய் உறிஞ்சப்பட்டு, அப்பக்கக் குழாயில் மட்டும் புகை மிகும். இது தொல்லையே அன்றிப் பேரிடர் அன்று. காற்றுக் கசிவோ அத்தகையதன்று. இவ்வகை எஞ்சினில் பிஸ்டனுக்கு வழுவழுப்புத் தரும் எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே உள்ளே செல்கிறது. காற்று மிகுந்த உருளையில் சூடு ஏறும். பிஸ்டன் விரிந்து உருளைச்சுவரைக் கவ்விக்கொள்ளும். விரைந்தோடும் வண்டியின் பின்சக்கரம் சுழலாது பூட்டிக்கொள்ளும். அந்நொடியில் கிளட்சை அழுத்தாவிடில் ஓட்டுபவன் நிலத்தில் வீழ்வான். பழகிய ஓட்டிகள் இரண்டு விரல்களைக் கிளட்சின் மேலேயே வைத்து ஓட்டுவது இதுபற்றியே.

கசிவும் இல்லையாயின், இரு உருளைகளின் அழுத்தத்தையும் கருவியால் அளந்து ஒப்பிடுக. ஒன்று மிகவும் தாழ்ந்திருந்தால் வளையமோ உருளையோ தேய்ந்துள்ளது; அது எஞ்சினைப் பிரித்துச் செய்யவேண்டிய வேலை.

பழுது நீங்கியபின், எஞ்சின் குளிரும்வரை பொறுத்து, மீண்டும் இயக்கி, முன்போலவே துளி நீர் விட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டு குழாய்களிலும் துளிகள் ஒரே காலத்திற் சீறி மறையும்.