அப்பாவின் பழைய கணினியை மாற்றப் போகிறீர்களா? முதலில் அதற்குள் இருக்கும் தமிழைக் காப்பாற்றுங்கள்

உங்கள் பெற்றோர் ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ இருக்கிறார்கள். நீங்கள் வேலைக்காகக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறீர்கள். வீட்டு ஹாலில் பத்து வருஷப் பழைய கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று அப்பா கேட்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அறுபது, எழுபது வயதில் ஒருவர் வேறு வகைக் கணினிக்கு மாறும்போது எதை வாங்கலாம் என்பது சின்ன கேள்வி. எதை இழந்துவிடக் கூடாது என்பதுதான் பெரிய கேள்வி.

விண்டோஸ் 10க்கு என்ன ஆனது?

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவசத் திருத்தங்கள் இனி தானாக வராது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தால் இதைக் கட்டணமில்லாமல் பெறலாம். இது மூச்சுவிடக் கிடைத்த நேரம், அவ்வளவுதான்.

"அப்படின்னா விண்டோஸ் 11 போட்டுடலாமே?" எல்லாக் கணினியிலும் முடியாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டினால் முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும்.

எந்தெந்த வழிகள் இருக்கின்றன?

முதலில் ஒன்று செய்யுங்கள். பெற்றோர் அந்தக் கணினியில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். வங்கி, கேடபிள்யூஎஸ்பி கணக்கு, வருமான வரி, யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும். அப்படியென்றால் எந்த வகைக் கணினியும் சரிவரும். பிரவுசருக்கு வெளியே என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

- புதிய விண்டோஸ் 11 கணினி: பழக்கம் அதிகம் மாறாது. ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பது குழப்பினால், டாஸ்க்பார் அமைப்பில் அதை இடதுபக்கம் கொண்டுவந்துவிடலாம்.

- மேக்: நீண்ட நாள் உழைக்கும், விலை கூடுதல். மூடும் பொத்தான் இடப்பக்கம் இருக்கும். நகலெடுக்க கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. ஜன்னலை மூடினாலும் பல செயலிகள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு இது ஒருநாள் வேலை. முப்பது வருஷம் விண்டோஸில் இருந்தவருக்கு ஒரு மாத வேலை.

- லினக்ஸ் மிண்ட்: இலவசம், பழைய கணினியிலேயே போடலாம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் வசதியாக ஓடும். மெனு இடது மூலையில், பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும். பென்டிரைவில் போட்டு, கணினியை மாற்றாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ் இருக்கும். வீட்டுப் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

- குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்: கூகுள் 2022இல் வெளியிட்ட இலவச அமைப்பு. பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏற்றது. ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் ஓடாது.

பழைய தமிழ் ஃபைல்கள் ஏன் உடைகின்றன?

எந்தக் கணினி என்று முடிவு செய்தாயிற்று. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். படங்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பழைய ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடுகிறார்கள். அதில் அப்பா தட்டச்சு செய்த தமிழ் ஃபைல்களும் இருந்திருக்கும்.

அப்படி என்ன பெரிய ஃபைல்? ஆலயத் திருப்பணிக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியல். தோட்டத்துப் பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்குத் தயாரித்த பெயர்கள். தாத்தா வழிக் குடும்ப மரம். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது என்ற குறிப்பு.

பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதற்குப் பிந்தைய நூறு ஆண்டுகளில் பால்மரக் காடுகளைச் சுற்றிக் கோயில், பள்ளி, லயத்து வீடுகள் என்று தமிழர்களின் முழு ஊர்கள் உருவாயின. அவற்றில் பல இன்று செம்பனையாகவோ தாமானாகவோ மாறிவிட்டன. மக்கள் புந்தோங்குக்கும் மற்ற பட்டணங்களுக்கும் வந்துவிட்டார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதற்கு, அந்த ஒரு ஃபைல் மட்டுமே எழுத்தில் மிஞ்சியிருக்கலாம்.

புதிய கணினியில் அதைத் திறந்தால் தமிழ் வராமல், தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வரலாம். ஃபைல் கெட்டுப்போகவில்லை. காரணம் வேறு.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. யூனிகோட் பரவலாவதற்கு முன்பு, ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்திருந்தது. ஒரு எழுத்துருவில் 'க'வாக இருந்த எண், இன்னொன்றில் 'ம'வாக இருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது.

யூனிகோட் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். விண்டோஸ் 2000இல் தமிழ் யூனிகோட் ஆதரவு வந்தது. ஆனாலும் அச்சகங்களிலும் சங்கங்களிலும் வீடுகளிலும் பழைய எழுத்துருக்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் புழங்கின.

அவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. வரிசை முக்கியம்.

1. ஃபைலைப் பழைய கணினியிலேயே திறங்கள். தமிழ் சரியாகத் தெரிந்தால், எந்த எழுத்துரு என்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அதை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்து வடிவம் அதற்குள்ளேயே பதிந்துவிடும். வேறு கணினியில் திறந்து படிக்க வருகிறதா என்றும் பாருங்கள். திருவிழா மலர், அழைப்பிதழ் போன்றவை பேஜ்மேக்கரில் இருந்தால் இது இன்னும் அவசரம். அந்த மென்பொருள் இன்றைய கணினிகளுக்கானது இல்லை.

3. மூல ஃபைலையும் எழுத்துரு ஃபைலையும் சேர்த்து நகலெடுங்கள். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு வீட்டிலோ கிளவுடிலோ.

4. பிறகு எழுத்துருமாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எந்தக் குறியீட்டு முறை என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான முறையைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் மோசமாகக் குழம்பும். சில எழுத்துருக்களில் இடையே வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிவிடும். எனவே மூலத்தை அழிக்காமல், மாற்றியதை பிடிஎஃபோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும் வேலைக்கு அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். பெயர்கள் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பெயரைப் பார்த்து, "இவரு எங்க தோட்டத்துக் கிராணி" என்று ஆரம்பித்தால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விரல்களுக்கும் ஞாபகம் உண்டு

தமிழில் தட்டச்சு செய்பவருக்கு இன்னொரு சிக்கல். எந்த விசையில் எந்த எழுத்து என்பது பல வருஷமாக விரல்களில் ஊறியிருக்கும். புதிய கணினியில் அது மாறினால், "எனக்கு இனிமே வராதுப்பா" என்று விட்டுவிடுவார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. தமிழில் பரவலான முறைகளில் இரண்டு: ஒன்று, ஆங்கில ஒலியை வைத்து அடிக்கும் அஞ்சல் முறை. இது மலேசியாவில் பிறந்தது. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சலிலிருந்து வந்தது. மற்றொன்று தமிழ்99. சென்னையில் 1999இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்டது.

மேக்கிலும் விண்டோஸ் 11இலும் இரண்டுமே உள்ளன. லினக்ஸ் மிண்ட்டிலும் குரோம் ஓஎஸ்ஸிலும் தமிழ்99ஐயும் ஒலி முறை விசைப்பலகைகளையும் சேர்க்கலாம். ஒலி முறைகளுக்குள் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. கணினியைக் கையில் கொடுப்பதற்கு முன், "நீங்க எதில் அடிப்பீங்க?" என்று கேட்டு அதையே அமைத்துவிடுங்கள். அரைமணி நேர வேலைதான்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மவுஸைப் பிடுங்காதீர்கள். நீங்கள் வேகமாகச் செய்து காட்டுவது அவர்கள் கைக்குப் போகாது. அவர்கள் கை மவுஸில், உங்கள் கை மடியில்.

ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். இன்று மின்கட்டணம், நாளை மின்னஞ்சல். எழுத்தைப் பெரிதாக்குங்கள். பழைய கணினியில் இருந்த அதே வரிசையில் படக்குறிகளை வையுங்கள். படிகளை அவர்கள் வார்த்தையிலேயே, அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய கணினியை இணைய இணைப்பு இல்லாமல் ஒரு மாதம் பக்கத்திலேயே வைத்திருங்கள். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும்.

நீங்கள் தொலைவில் இருந்தால், அருகில் நாடி மையம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட இந்த மையங்களில் பொதுமக்களுக்கு இணையப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இந்த நேரத்தில் மோசடியில் சிக்காமல் இருக்க

புதிய திரை, புதிய அறிவிப்புகள் என்று எது வழக்கம், எது சந்தேகத்துக்குரியது என்று பிரித்துப் பார்க்க முடியாத நேரம் இது. "உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று ஒரு பெட்டி வந்தால் உண்மை என்றே தோன்றும். மைக்ரோசாஃப்டோ ஆப்பிளோ தாங்களாக யாருக்கும் போன் செய்து கணினியைச் சரிசெய்ய முன்வருவதில்லை.

வீட்டில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தொலைவிலிருந்து கணினியைத் தொட யார் அனுமதி கேட்டாலும், முதலில் போனை வைத்துவிட்டு பிள்ளைக்கு அழைக்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே வங்கிக்கும், 997 என்ற தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்துக்கும் அழைக்க வேண்டும். இந்த எண்ணை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய கணினியை எப்போது கொடுக்கலாம்?

மூன்று கேள்விக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகு. தமிழ் ஃபைல்கள் எல்லாம் புதிய கணினியில் படிக்க வருகின்றனவா? பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் வெளியே எடுக்கப்பட்டுவிட்டனவா? பெற்றோர் யாரையும் கேட்காமல் ஒரு கட்டணம் செலுத்தி, தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்துவிட்டார்களா?

அதன் பிறகு ஹார்ட் டிஸ்க்கை முறையாக அழித்து, கணினியை மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செல்லுங்கள். புதிய கணினியை அடுத்த மாதம்கூட வாங்கிக்கொள்ளலாம். பழையது ஒருநாள் திறக்காமலே போய்விட்டால், அந்தப் பெயர்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.