ஊதா நிறப் பாக்டீரியாவின் மௌனம்

உஷ்ணப் பிரதேசங்களின் மண்ணிலும் நீரிலும் வாழும் குரோமோபாக்டீரியம் வயோலேசியம் என்னும் நுண்ணுயிரை அகார்க் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வளர்த்தால், ஆரம்பத்தில் நிறமற்றிருக்கும் அதன் கூட்டங்கள், எண்ணிக்கை பெருகப் பெருக, கத்தரிப்பூவினும் கருத்த ஊதா வர்ணத்தை அடைகின்றன. வயலசீன் என்னும் அந்த நிறப்பொருளை, தன்னைச் சுற்றித் தன்னினம் போதிய அளவில் திரண்டுவிட்டதென்று அறிந்த பிறகே ஓர் உயிரணு மிகுதியாக உண்டாக்குகிறது.

அறிவது எவ்வாறு? ஒவ்வோர் உயிரணுவும் ஹோமோசெரீன் லாக்டோன் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகளை இடைவிடாது கசியவிடுகிறது. கூட்டம் அடர்ந்து அவற்றின் செறிவு ஓர் எல்லையைக் கடந்ததும், உயிரணுவினுள் இருக்கும் ஏற்பிப் புரதம் அவற்றைப் பற்றிக்கொண்டு, செயலற்றுக் கிடந்த ஜீன்களை எழுப்புகிறது. ஒளிவீசும் கடற்பாக்டீரியாக்கள் இவ்வாறு கூட்டம் அடர்ந்த பிறகே ஒளிர்வதை நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் 1970-இல் விளக்கினர். நோய்க்கிருமிகள் பல, விஷத்தை வெளியிடுவதும் வழுவழுப்பான படலமாகத் திரண்டு மருந்துகளை எதிர்ப்பதும் இத்தகைய சம்பாஷணையின் துணையால்தான்.

இச்சம்பாஷணையைக் காட்மியம் அயனிகள் குலைத்துவிடுகின்றன. வளர்ச்சியைத் தடுக்கப் போதாத சொற்ப அளவில் காட்மிய உப்பைக் கூழில் கலந்தாலும், கூட்டங்கள் பெருகுகின்றன, ஊதா நிறம் மட்டும் வெளிறிவிடுகிறது! பர்க்கோல்டெரியா மல்டிவோரன்ஸ் என்னும் பாக்டீரியாவிலும், நிக்கலும் காட்மியமும் அதனைக் கொல்லாமலே சமிக்ஞையையும் படலத்தையும் அடக்கிவிடுவது கண்டறியப்பட்டிருக்கிறது. காட்மியத்துக்குக் கந்தகத்தின்மீது அலாதியான பற்று உண்டு. புரதங்களில் உள்ள சிஸ்டீனின் கந்தகத்தோடு பிணைந்து அவற்றின் வடிவத்தையே அது திரித்துவிட வல்லது.

உலோகத்தையே கருவியாகக் கொண்டு பிறர் பேச்சை அழிக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. சில பாசில்லஸ் இனங்களின் லாக்டோனேஸ் என்னும் நொதி, தன்னகத்தே இரண்டு துத்தநாக அயனிகளைத் தாங்கி, சமிக்ஞை மூலக்கூறின் வளையத்தை உடைத்துவிடுகிறது. மருந்து தேடுவோர் நாடத்தக்க வழி இதுவே. ஜப்பானின் ஜின்ஸு நதிக்கரை மக்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் சிதைத்து, இத்தாய்-இத்தாய் என்னும் கொடிய நோயை உண்டாக்கிய காட்மியம் ஒருநாளும் மருந்தாகாது.

நம் வயல்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியங்களிற் பலவும் இதே வகை மூலக்கூறுகளால் பேசுபவை. காட்மியமோ தொழிற்சாலைக் கழிவோடு மட்டுமன்றி, பாஸ்பேட் உரங்களோடும் மண்ணை வந்தடைகிறது. ஆகையால் மண்ணின் நலத்தைப் பரிசோதிப்போர், உயிரோடுள்ள பாக்டீரியாக்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அவை கூடிச் செயலாற்றுகின்றனவா என்பதையும் சோதித்தறிய வேண்டும்.