எல்லையோரத்து இருப்புப் பாதைகள் – 6: மணிப்பூர் ரோடு ஸ்டேஷன்

பர்மாவின் வீழ்ச்சியால் 1942ஆம் ஆண்டில் இந்தியாவின் கிழக்கெல்லை யுத்தகளமாக மாறிய விதத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த எல்லையைக் காத்து நின்ற சைனியத்துக்கு அரிசியும் தோட்டாவும் எந்த வழியே வந்து சேர்ந்தன என்பதை இந்த வாரம் ஆராய்வோம். சேனாதிபதிகளின் வியூகங்களை விஸ்தாரமாக வர்ணிக்கும் யுத்த சரித்திரங்கள், மலையுச்சியில் ஒரு சிப்பாய் ஒரு நாள் நிற்பதற்கு அறுநூறு மைல் பின்னால் எத்தனை பேர் மூட்டை சுமக்க வேண்டியிருந்தது என்ற விஷயத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். கோஹிமா யுத்தத்தின் முடிவுக்குரிய காரணம் அந்த ஓரிரு வரிகளிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கல்கத்தாவிலிருந்து வடக்கே பார்வதிபூர் வரையில் சுமார் 235 மைல் பிராட் கேஜ் பாதை. அங்கே அந்தப் பாதையைவிட்டு, மீட்டர் கேஜுக்கு மாற வேண்டும். ஆகவே வந்த சரக்கு முழுவதையும், பீரங்கிக் குண்டுப் பெட்டி முதல் உப்பு மூட்டை வரையில், ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றியாக வேண்டும். அதற்கப்பால் 215 மைல் சென்றால் பிரம்மபுத்திரா நதி குறுக்கிடும். அமீன்காவ், பாண்டு என்ற இரு துறைகளுக்கு இடையே அக்காலத்தில் பாலம் கிடையாது. சராய்காட் பாலம் 1962ஆம் ஆண்டில்தான் வந்தது. எனவே வாகன்களை ஒவ்வொன்றாகத் தெப்பங்களில் ஏற்றி, மழைக்காலத்தில் பிரவாகம் கரைபுரளும் அந்த மகாநதியைக் கடத்தி, அக்கரையில் மறுபடியும் எஞ்சினோடு பூட்டி, லும்டிங் வழியாக மேலும் நூற்றைம்பது மைலுக்கு மேல் இழுத்துச் சென்ற பிறகே, நாகா மலைகளின் அடிவாரத்திலுள்ள திமாபூர் கண்ணுக்குத் தெரியும். அந்த ஸ்டேஷனுக்கு அன்று வழங்கிய பெயர் மணிப்பூர் ரோடு.

தேயிலைத் தோட்டங்களின் தேவைக்கேற்ப வளர்ந்த அந்த ஒற்றைப் பாதை, யுத்தம் தொடங்கியபோது நாளொன்றுக்கு 600 டன் சரக்குக்கு மேல் சுமக்கத் திராணியற்றதாக இருந்தது. அதே பாதையை நம்பியே மணிப்பூர் முனையிலிருந்த சைனியமும், லெடோவிலிருந்து பர்மாவுக்குள் சாலை வெட்டிச் சென்ற அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லின் படைகளும், இமயத்தின் கிழக்குத் தொடரைத் தாண்டிச் சீனாவுக்குச் சாமான் ஏற்றிச் சென்ற விமானங்களும் உயிர் வாழ வேண்டியிருந்தது. ஒருவர் பங்கு கூடினால் இன்னொருவர் பங்கு குறைய வேண்டும் என்ற நிலையில், ஒவ்வொரு டன்னும் ஒரு வழக்காகவே பேசித் தீர்க்கப்பட்டது. படிப்படியான சீர்திருத்தங்களால் 2,800 டன்னாக உயர்ந்திருந்த அந்தச் சக்தி, 1944 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்க ராணுவத்தின் ரயில்வே பட்டாளங்கள் ஏறக்குறைய 800 மைல் பாதையின் நிர்வாகத்தை ஏற்று, புதிய எஞ்சின்களைத் தருவித்து, நெரிசல் மிகுந்த பகுதியில் இரட்டைப் பாதையிட்டு, நீண்ட கூட்ஸ் வண்டிகளை இரவு பகலாக ஓட்டியதன் பயனாக, அவ்வாண்டு அக்டோபரில் 4,400 டன்னை எட்டியது.

அதில் மணிப்பூர் முனைக்குரிய பங்கு வந்து குவிந்த ஸ்தலம் திமாபூர். 1942ஆம் ஆண்டின் வேனிலில், பர்மாவைவிட்டுக் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தப்பி வந்த அகதிகள், அவர்களுள் நம் தமிழ் மக்கள் ஏராளம், ரயிலைக் கண்டு உயிர் மீண்டதும் இந்த ஸ்டேஷனில்தான். இரண்டே வருஷங்களில் அதைச் சுற்றிப் பதினொரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமான பெருந்தளம் எழுந்துவிட்டது: உணவுக் கிடங்குகள், வெடிமருந்துக் கொட்டகைகள், பெட்ரோல் பீப்பாய்களின் வரிசைகள், ஆஸ்பத்திரிகள், லாரிப் பட்டறைகள். கோஹிமாவுக்கு 46 மைலும், அதைத் தாண்டி இம்பாலுக்கு மொத்தம் 130 மைலுக்கு மேலும் நீளும் ஒரே மலைச்சாலை அங்கிருந்துதான் புறப்பட்டது.

1944 ஏப்ரல் தொடக்கத்தில் ஜெனரல் ஸாட்டோவின் 31ஆவது ஜப்பானியப் படைப்பிரிவு, எவரும் எதிர்பாராத வேகத்தில் மலைகளைக் கடந்து வந்து கோஹிமாவை முற்றுகையிட்டது. அப்போது திமாபூரில் ரேஷன் வாங்கியவர்கள் சுமார் 45,000 பேர். அவர்களில் துப்பாக்கி சுடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம் விசாரித்தபோது, ஐந்நூறு பேர் தேறலாம் என்று தளத்தின் அதிகாரி பதிலளித்ததாக ஸ்லிம்மே எழுதியிருக்கிறார். ஸாட்டோவின் மேலதிகாரியான முடாகுச்சி திமாபூரின் மதிப்பை உணர்ந்து அங்கே படையைத் திருப்ப விரும்பினார். அவருக்கும் மேலதிகாரியான கவாபே அதைத் தடுத்துவிட்டார். திமாபூர் விழுந்திருந்தால் இம்பாலுக்கு உதவி செல்ல வழியில்லை. லெடோவும், சீனாவுக்குச் சாமான் சுமந்த விமானங்களின் தளங்களும் நம்பியிருந்த பாதையும் துண்டாகியிருக்கும்.

எதிர்த் தரப்பின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கான உணவோடு, பிரிட்டிஷ் கிடங்குகளைக் கைப்பற்றி உண்ணலாம் என்ற நம்பிக்கையில் முடாகுச்சி தம் படைகளை அனுப்பினார். இறைச்சிக்காக ஓட்டி வந்த கால்நடைகள் சிந்த்வின் நதியிலும் மலைப்பாதைகளிலும் பெரும்பாலும் மாண்டன. கோஹிமாவில் ஜப்பானியச் சிப்பாய்கள் காட்டிய தைரியத்தை அவர்களோடு பொருதவர்களே வியந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அரிசியும் தோட்டாவும் வந்து சேராமையால், மே இறுதியில் ஸாட்டோ மேலிடத்தின் கட்டளையை மீறித் தம் படையைத் திருப்பினார். திரும்பிச் சென்றவர்களில் பசியாலும் வியாதியாலும் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். இந்தப் பக்கத்திலோ, அதே வாரங்களில் மணிப்பூர் ரோடு ஸ்டேஷனில் புதிய படைகள் இடைவிடாமல் வந்து இறங்கின. ஜூன் 22ஆம் தேதி, 109ஆம் மைல்கல்லருகே, கோஹிமாவிலிருந்து சென்ற படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் சந்தித்தன, சாலை திறந்தது.

இந்த வெற்றியில் பார்வதிபூர் யார்டில் மூட்டை மாற்றிய கூலியாட்களுக்கும், பாண்டுத் துறையில் தெப்பம் செலுத்திய படகோட்டிகளுக்கும், மலேரியா மலிந்த சிறு ஸ்டேஷன்களில் சிக்னல் தூக்கியவர்களுக்கும், மலைச்சாலையைப் பராமரித்த தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கும் நியாயமான பங்கு உண்டு. கோஹிமாக் குன்றில் போர்வீரர்களுக்கு அழகிய நினைவிடம் இருக்கிறது, அது தகுதியானதே. இவர்களுடைய பெயர்களையும் தேசம் பொறித்து வைப்பது கடன் என்று நான் கருதுகிறேன். எல்லையின் பலத்தைக் கணக்கிட விரும்புகிறவர் காவற்சாவடிகளை எண்ணுவதற்கு முன்னால், அங்கே போகும் ரயில் பாதை நாளொன்றுக்கு எத்தனை டன் சுமக்கும் என்று கேட்கட்டும். அந்தச் சுமையை ஏற்றி இறக்கும் மனிதர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்றும் கேட்கட்டும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த பாதை 1947ஆம் ஆண்டின் பிரிவினையில் நடுவே அறுந்தது. பார்வதிபூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அஸ்ஸாம் இந்திய ரயில் வலையிலிருந்து தனித்து நின்றது. அதை மறுபடியும் இணைக்க, வடவங்காளத்தின் காட்டாறுகளுக்குக் குறுக்கே அவசர அவசரமாக அமைக்கப்பட்ட அஸ்ஸாம் இணைப்புப் பாதையின் வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)