இரட்டைக் குழந்தைகளை இழந்த தாய்க்கு எத்தனை நாள் லீவு? சட்டம் என்ன சொல்கிறது?

குறைமாதத்தில் பிறந்த இரட்டையரை இழந்து, வெறுங்கையோடு வீடு திரும்புகிறார் ஒரு பெண். உங்கள் தோழியாகவோ, உங்கள் டீமில் இருப்பவராகவோ இருக்கலாம். ஹெச்.ஆர் கேட்கும் முதல் கேள்வி: 'எத்தனையாவது வாரம்?'

அரிதான சூழல் இல்லை இது. இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கும் மேல் 37 வாரம் முடிவதற்குள் பிரசவமாகிவிடும்.

26 வாரக் கோடு

2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, 26-வது வாரம் வரை நடந்தால் கருச்சிதைவு. சம்பளத்துடன் 6 வாரம் லீவு. அதற்குப் பிறகு என்றால் பிரசவம், குழந்தை இறந்தே பிறந்தாலும்கூட. உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவு என்றால் 26 வாரம் லீவு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். முன்பு நடைமுறையில் இருந்த மகப்பேறு நலச் சட்டம் 1961-இலும் இதே கோடுதான்.

சிக்கல் எங்கே?

25-வது வாரத்தில் உயிரோடு பிறந்து, மூன்று நாள் கழித்து இறந்தால்? கருச்சிதைவுக்கான விளக்கம் வாரத்தை மட்டுமே பார்க்கிறது. ஆனால் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969 வாரமே பார்ப்பதில்லை. மூச்சோ, உயிரின் வேறு அறிகுறியோ இருந்தால் அது உயிருள்ள பிறப்பு.

நீங்கள் என்ன செய்யலாம்?

• இரு குழந்தைகளின் பிறப்பையும் இறப்பையும் தனித்தனியாக, 21 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம். 6 வாரமா, 26 வாரமா என்று வாதாட வேண்டி வந்தால், கையில் இருக்கும் வலுவான ஆதாரம் இதுதான்.

• டிஸ்சார்ஜ் சம்மரியில் 'உயிருள்ள பிறப்பு' என்று இருக்கிறதா பாருங்கள்.

• குறைப்பிரசவம், கருச்சிதைவு ஆகியவற்றால் உடல்நலம் கெட்டால், மருத்துவச் சான்றுடன் கூடுதலாக ஒரு மாதம் கேட்கலாம்.

அரசு வேலை என்றால்?

28 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறந்தாலோ, பிறந்த 28 நாளுக்குள் இறந்தாலோ, மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு லீவு உண்டு. இது 2022 செப்டம்பர் உத்தரவு. இதற்கும் இரண்டு குழந்தை வரம்பு இருக்கிறது. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு இப்படி ஒரு லீவைத் தரும் மத்தியச் சட்டம் எதுவுமில்லை.

குழந்தைகள் இல்லாவிட்டாலும் பால் சுரக்கும், தையல் வலிக்கும். அந்த நிலையில் அவரால் ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாது. அந்தப் பதிவு வேலையை நீங்கள் போய் முடித்துக் கொடுங்கள்.