கையில் எதைக் கட்டலாம்? முள் வாட்சா, ஸ்மார்ட் வாட்சா?



போன மாதம் நம் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பின் கூட்டம் நடந்தது. சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "வேற விஷயம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டோம். ஒரு குழுவின் பிரதிநிதி எழுந்தார். "எங்க குழுவுல ரெண்டு பேரு ஸ்மார்ட் வாட்ச் வாங்க உள்கடன் கேக்குறாங்க. குடுக்கலாமா, வேணாமா?" என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "மணி பாக்க எதுக்கு ரெண்டாயிரம்?" என்று ஒரு பக்கம். "காலம் மாறிப்போச்சு, நாம மட்டும் பின்னாலேயே நிக்கணுமா?" என்று இன்னொரு பக்கம்.

அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் தன் கையை நீட்டிக் காட்டினார். "எனக்கு மகன் வாங்கிக் குடுத்தான். பிரஷரும் இதுவே பாக்குது. தினமும் நூத்தி இருபதுதான் காட்டுது. அதனால ஒரு மாசமா பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார் சந்தோஷமாக.

கூட்டத்துக்கு வந்திருந்த சுகாதாரத் தன்னார்வலர் சகோதரி பதறிப்போனார். பையிலிருந்து மெஷினை எடுத்து, புஜத்தில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். 168/100 காட்டியது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தும் அதே கதைதான். வாட்சோ அப்போதும் 120/80 என்றே சொல்லிக்கொண்டிருந்தது!

அன்றைக்கே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கினார். பெரிய ஆபத்து எதுவும் வராமல் தப்பித்தோம். அதனால்தான் இந்த மாதம் வாட்சைப் பற்றியே எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

முள் வாட்ச் எப்படி ஓடுகிறது?

நம் அப்பா காலத்தில் தினமும் சாவி கொடுக்கும் வாட்ச் இருந்தது. உள்ளே சுருள்வில்லும் பல்சக்கரங்களும் சேர்ந்து முள்ளை ஓட்டும். எச்.எம்.டி. நிறுவனம் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாட்ச் போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது.

பிறகு வந்தது பேட்டரி வாட்ச். அதற்குள் குவார்ட்ஸ் என்ற சிறு படிகக்கல் இருக்கிறது. பேட்டரியின் மின்சாரம் பட்டதும் அது நொடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த அதிர்வை எண்ணி, நொடிக்கு ஒரு தடவை முள்ளை நகர்த்துகிறது வாட்ச். இப்படிப்பட்ட கைக்கடிகாரத்தை முதன்முதலில் விற்றது ஜப்பானின் செய்கோ நிறுவனம், 1969 டிசம்பரில். நம் ஊரில் இதைப் பரப்பியது டைட்டன். 1984-ல் டாடா குழுமமும் நம் அரசின் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. ஆலை ஓசூரில் இருக்கிறது.

சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குச் சில நொடிகள்தான் முன்னே பின்னே போகும். பஸ் பிடிக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப இதுவே போதும்.

ஸ்மார்ட் வாட்ச் என்பது என்ன?

அது கையில் கட்டிக்கொள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். போனோடு சேர்த்துவிட்டால் போன் வருவதையும் மெசேஜ் வருவதையும் காட்டும். விலை குறைந்த வாட்சுகளில் போன் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போனால் மணி பார்க்கலாம், அழைப்பு வராது.

வாட்சைத் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மின்னும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் கூடும், அடுத்த கணம் குறையும். அதற்கேற்ப திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது.

ஆகவே விளக்கு தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். வளையலுக்கு நடுவே லூசாகக் கட்டினால் கணக்குத் தப்பும். பச்சை குத்திய இடத்தில் கட்டினாலும் தப்பும். எங்கள் கூட்டத்தில் ஒரு வேடிக்கை செய்து பார்த்தோம். வாட்சைக் கழற்றி ஒரு வாழைக்காயில் கட்டினோம். வாழைக்காய்க்கும் நாடித்துடிப்பு 74 என்றது! பிரஷர்கூட நார்மல்தான் என்றது! எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆனால் மாத்திரையை நிறுத்திய அந்த அக்கா சிரிக்கவில்லை.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

நாடித்துடிப்பு: சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஓரளவு சரியாகச் சொல்லும். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு.

நடந்த அடிகள்: கை ஆடுவதை வைத்துத்தான் எண்ணுகிறது. இடுப்பில் குடத்தை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தால் குறைத்துக் காட்டும். "தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆகணும்" என்கிறார்களே, அது டாக்டர்கள் வகுத்த அளவு அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி' என்ற பொருள் கொண்டது. அங்கிருந்துதான் இந்தக் கணக்குப் பரவியது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் நன்மைதான்.

ரத்த அழுத்தம்: புஜத்தில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்ப்பதுதான் சரியான முறை. விலை குறைந்த ஸ்மார்ட் வாட்ச் பிரஷரை அளப்பதில்லை, உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டுகிறது. அதை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

சர்க்கரை: "ஊசி குத்தாமலே சுகர் பார்க்கும்" என்று விளம்பரம் வந்தால் ஏமாறாதீர்கள். தோலில் குத்தாமல் தானாகவே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்சையோ மோதிரத்தையோ பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப்பட்ட எந்தக் கருவிக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்றும் அப்போது சொன்னது. தப்பான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இ.சி.ஜி.: விலை அதிகமான சில வாட்சுகளில் இது உண்டு. இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடும் ஒரு வகைக் கோளாறைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

முள் வாட்சும் உயிர் காக்கும்!

நொடி முள் உள்ள சாதாரண வாட்ச் மணி மட்டுமா காட்டுகிறது? கைக்குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் இதைச் செய்யலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். நொடி முள்ளைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

2 மாதத்துக்குள் உள்ள குழந்தை 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால்,
2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் விட்டால்,
1 வயது முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் விட்டால்,

அது வேக மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

பிரசவ வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பார்க்கவும் வாட்ச் வேண்டும். சார்ஜ் இறங்கிவிட்டது என்று அது நின்றுபோகாது.

கணக்குப் போடுவோம்

நம் குழுவில் எதையும் கணக்குப் பார்க்காமல் பேசுவதில்லை. ஒன்பது வருடத்துக்கு உத்தேசமாகப் பார்ப்போம். ஊருக்கு ஊர் விலை மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முள் வாட்ச்: விலை ரூ.800. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி ரூ.100 வீதம் நான்கு தடவை ரூ.400. வார் மாற்ற இரண்டு தடவை ரூ.300. மொத்தம் ரூ.1,500.

ஸ்மார்ட் வாட்ச்: விலை ரூ.2,000. மூன்று வருடம் உழைத்தால் ஒன்பது வருடத்துக்கு மூன்று வாட்ச். மொத்தம் ரூ.6,000.

வித்தியாசம் ரூ.4,500. 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 42 ரூபாய். "அவ்வளவுதானா!" என்று தோன்றும். உண்மைதான், குடும்பம் மூழ்கிப்போகிற தொகை இல்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இரண்டாயிரத்தை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும்.

ஏன் மூன்று வருடம்? சார்ஜ் ஏற்றி ஏற்றி லித்தியம் பேட்டரி தேய்ந்துகொண்டே வரும். முதலில் ஒரு வாரம் நின்றது பிறகு மூன்று நாள்தான் நிற்கும். பேட்டரியை மாற்றலாம் என்றால் ஒட்டி மூடியிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனால், "இதுக்கு எங்கிட்ட சாமான் இல்லம்மா" என்பார்.

உள்கடன் வாங்கினால்? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் 2,000 ரூபாயைப் பத்துத் தவணையாகக் கட்டினால் வட்டி 110 ரூபாய் வரும். வட்டி சின்னதுதான். ஆனால் அந்தப் பத்து மாதத்தில் உங்களுக்கோ பக்கத்து வீட்டுக்காரிக்கோ மருந்துச் செலவு வந்தால் குழுவில் அந்தப் பணம் இருக்காது. ஆட்டுக்குட்டி வாங்கினால் அது குட்டி போடும், தையல் மெஷின் கூலி தரும். வாட்ச் என்ன தரும் என்று கேட்க வேண்டியது நம் கடமை.

யாருக்கு ஸ்மார்ட் வாட்ச் உதவும்?

அதற்காக ஸ்மார்ட் வாட்சே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நடைப்பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் அறிவுறுத்தியவர்களுக்கு அது ஒரு தூண்டுதல். மாத்திரை நேரத்தை மறந்துபோகிறவர்களுக்குக் கையில் அதிர்ந்து ஞாபகப்படுத்தும். காது சரியாகக் கேட்காத சகோதரிக்கு அழைப்பு வருவதை அதிர்வால் தெரிவிக்கும். மெஷின் சத்தத்தில் வேலை செய்கிறவருக்கும் அப்படித்தான். இப்படி உண்மையான தேவை இருந்து, கையில் காசும் இருந்தால் வாங்குவதில் தப்பே இல்லை. சம்பாதிக்கிற பெண் தனக்குப் பிடித்ததை வாங்குவதும் தப்பில்லை. நாற்று நடுகிறவர், சாணம் அள்ளுகிறவர், துணி துவைக்கிறவர் தேவை மணி பார்ப்பது மட்டும் என்றால் முள் வாட்சே நல்லது.

வாங்குவதாக இருந்தால்...

1. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

2. பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று முதலிலேயே கேளுங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.

3. வாட்சுக்கான செயலியைப் போனில் ஏற்றும்போது போன் நம்பர்கள், இருக்குமிடம் எல்லாம் கேட்கும். தேவையில்லாததற்கு அனுமதி கொடுக்காதீர்கள். மாதவிலக்குத் தேதி போன்ற விவரங்களை யோசித்துப் பதியுங்கள்.

4. மிக முக்கியம்: பேங்க் அனுப்பும் ஓ.டி.பி. எண் வாட்சிலும் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர்கூடப் படித்துவிடலாம். மெசேஜ் வாட்சில் காட்டுவதை நிறுத்தி வையுங்கள்.

5. வீணான வாட்சைக் குப்பையிலோ அடுப்பிலோ போடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கடைசியில் என்ன முடிவானது?

இரண்டு பேரும் கடன் கோரிக்கையைத் தாங்களே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், "தீபாவளி வரைக்கும் தனியா சேத்து வெச்சு வாங்கிக்கிறேன்" என்றார். இன்னொருவர் முள் வாட்சே போதும் என்றார். பதிலாக நம் கூட்டமைப்பு இன்னொரு தீர்மானம் போட்டது. பொதுநிதியிலிருந்து புஜத்தில் கட்டிப் பார்க்கும் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி அலுவலகத்தில் வைப்பது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் 35 வயதைத் தாண்டிய எல்லோரும் பார்த்துக்கொள்வது. 140/90-க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் அனுப்புவது.

அந்த அக்கா இன்றும் ஸ்மார்ட் வாட்சைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார். "மகன் ஆசையா வாங்கிக் குடுத்தது, எப்படிக் கழட்டுறது?" என்கிறார். கழற்ற வேண்டாம். காலை எட்டு மணிக்கு அது அதிரும், உடனே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். அந்த வாட்சுக்கு இப்போதுதான் சரியான வேலை கிடைத்திருக்கிறது!

உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

* நம் குழுவில் எத்தனை பேர் பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறோம்? யாராவது தானாக நிறுத்தியிருக்கிறோமா?
* குழந்தையின் மூச்சை எண்ண நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றே ஒருமுறை எண்ணிப் பழகுவோமா?
* எதற்கு உள்கடன் கொடுப்பது, எதற்குத் தனியாகச் சேர்த்து வாங்கச் சொல்வது? தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்போமா?